சகனில் ஒரு பக்கம்

உதுமானுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் பதினாலு மாதம். நூற்று நாற்பத்தெட்டுக் கிலோவாக இருந்த மனிதர் தொண்ணூற்று இரண்டில் வந்து நிற்கிறார். சர்க்கரை மாத்திரை போயிற்று, பிரஷர் மாத்திரை பாதியாயிற்று, தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்கிற மெஷினைக் கட்டி அலமாரிக்கு மேலே போட்டாயிற்று. தாராவித் தொண்ணூறடி ரோட்டிலிருந்து அவர் பட்டறைக்குத் திரும்புகிற சந்தில், முன்பெல்லாம் எதிரே ஆள் வந்தால் ஒருவர் பின்னால் நடந்தே தீரவேண்டும். பெரும்பாலும் எதிரே வந்தவர்தான் நடப்பார். உதுமானைப் பின்னால் போகச் சொல்ல யாருக்கும் மனசு வராது. இப்போது அவர் ஒருக்களித்து நின்று அடுத்தவருக்கு வழி விடுகிறார். பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுதவர், வரிசையில் தோளோடு தோள் நின்று தரையில் நெற்றி வைக்கிறார். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? எல்லாரும் அவரிடம் இதைத்தான் கேட்டார்கள். அவருக்குப் பதில் தெரியும், வெளியே சொல்லத்தான் வெட்கம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவருக்குத் துணை இல்லை.

பட்டறை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே பத்துக்குப் பதினைந்தில் ஓர் அறை. மேலே ஏற இரும்பு ஏணி. ஏறினால் தோலும் லைனிங் துணியும் அடுக்கிய ஒரு தாழ்ந்த மாடி, பம்பாய்க்காரர்கள் 'மாலா' என்பார்கள். கீழே பை, பெல்ட், பர்ஸ் வேலை நடக்கும். தோல் வெட்டுகிறவர் நசீர். உதுமானின் வாப்பா காலத்திலேயே தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து சேர்ந்தவர், அறுபதைத் தாண்டியாயிற்று, கத்தியும் நாக்கும் இன்னும் மழுங்கவில்லை. தையல் மெஷினில் காலித். முப்பது வயசு, கல்யாணம் ஆகாதவன், படுக்கையும் பட்டறையில்தான். பசை தடவவும் ஓரம் மடிக்கவும் பீகாரிலிருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். உதுமானைச் சேர்த்தால் ஐந்து பேர்.

இந்த ஐந்து பேருக்கும் மத்தியானம் ஒரே தட்டு. சகன் என்று பெயர். நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து கை போட்டு உண்கிற பெரிய தாம்பாளம். ஊரில் கல்யாண வீட்டில்தான் சகன் வைப்பார்கள். உதுமானின் வாப்பா பட்டறை தொடங்கிய நாளிலேயே அதைத் தினசரி வழக்கமாக்கிவிட்டார். லுஹர் தொழுகை முடிந்ததும் கத்தியும் கத்தரியும் ஓரம் போகும், தரையில் பேப்பர் விரிப்பார்கள், நடுவே சகன் வரும். உதுமானின் மனைவி சாயிரா வீட்டிலிருந்து அனுப்புகிற சோற்றையும் ஆணம் என்கிற குழம்பையும் நசீர் வட்டமாகப் பரப்பி வைப்பார். முதலாளி, தொழிலாளி, தமிழன், பீகாரி என்ற பேச்செல்லாம் பேப்பருக்கு வெளியே.

சகனுக்கென்று மரியாதைகள் உண்டு. அவரவர் முன்னால் இருப்பதைத்தான் எடுக்கவேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக்கூடாது. இது ஒன்று. இன்னொன்று, சோறு போடுகிறவன் முதலில் கையை எடுக்கக்கூடாது. அவன் எடுத்துவிட்டால், பசி தீராதவனும் கூச்சப்பட்டுத் தன் கையை எடுத்துவிடுவான். உதுமானின் வாப்பா நோஞ்சான், கோழி கொத்துகிற மாதிரி கொத்துவார். ஆனாலும் கடைசி ஆள் எழும்வரை சோற்றைப் பிசைந்துகொண்டே கதை பேசுவார். உதுமானுக்கு அந்தச் சிரமம் இருந்ததில்லை. எல்லாரும் எழுந்து கை கழுவி வந்த பிறகும் அவர் தின்றுகொண்டிருப்பார். அந்த ஒரு மரியாதையை அவரைப்போல் காப்பாற்றியவர் தாராவியிலேயே கிடையாது.

அப்படித் தின்றதற்கு உடம்பு பதில் சொல்லத் தொடங்கியது. சரக்கு பார்க்க வந்த வியாபாரியிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிழுந்தார். சர்க்கரை முந்நூறைத் தாண்டியது. கல்லூரியில் படிக்கும் மகள் பரீஹா இரவில் எழுந்து வந்து, வாப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் விரல் வைத்துப் பார்ப்பாள். ஒருநாள் விரலை வைத்துக்கொண்டு அவள் அழுததை, தூங்குவதுபோல் படுத்துக்கிடந்த உதுமான் கேட்டுவிட்டார். மறுவாரம் செம்பூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று உட்கார்ந்துவிட்டார்.

ரோபோ வைத்துச் செய்கிற ஆபரேஷன் என்றார்கள். இரும்பு மனிதன் ஒருவன் கத்தியோடு வருவான் என்று உதுமான் கற்பனை பண்ணியிருந்தார். அப்படி எதுவும் வரவில்லை. ஆபரேஷன் அறையின் மூலையில் டாக்டர் ஒரு பெட்டிக்குள் தலையைக் கொடுத்து உட்கார்ந்து விரலை அசைப்பாராம். மேஜைமேல் கிடப்பவரின் வயிற்றில் நாலைந்து சின்னத் துளை வழியாக மெஷினின் கைகள் உள்ளே போய் வேலை செய்யுமாம். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, வெட்டின வாயை ஸ்டேப்ளர் போட்டு மூடி, முக்கால் பாகத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். மிச்சம் இருப்பது ஒரு வாழைப்பழம் அளவு. மூன்றாம் நாள் உதுமான் நடந்தே வீட்டுக்கு வந்தார். பார்க்க வந்த நசீர் தொழில்காரராகவே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"முக்காத் தோலை வேஸ்ட்டுன்னு தள்ளுத கட்டிங் மாஸ்டரை நான் ஒருநாள் கூட வேலைக்கு வச்சிருக்க மாட்டேன்" என்றார்.

உதுமான் சிரித்தார். சிரித்ததில் தையல் விண்ணென்று இழுத்தது. அந்தச் சிரிப்பை அவர் பிறகு பல நாள் நினைத்துக்கொண்டார்.

தண்ணீர் ஆகாரம், பிறகு கூழ், பிறகு குழைந்த சோறு என்று மூன்று மாதம் வீட்டோடு போயிற்று. நாலாம் மாதம் சகனுக்கு வந்து உட்கார்ந்தார். பழைய இடம், சுவரை ஒட்டி, நசீருக்கும் காலித்துக்கும் நடுவே. பிஸ்மில்லா சொல்லி எல்லாரும் கை வைத்தார்கள். உதுமான் ஐந்து வாய் சாப்பிட்டார். ஒவ்வொரு வாயையும் முப்பது முறை மென்றார். ஆறாவது வாய்க்கு உள்ளே இடம் இல்லை என்று நெஞ்சு சொல்லிற்று, கையை எடுத்துவிட்டார். மற்ற நாலு பேரும் கையை எடுத்தார்கள்.

மனிதர் இதைக் கவனிக்கவே இல்லை. அதுதான் அவர் செய்த முதல் தப்பு. எங்கே நிறுத்தவேண்டும் என்று தன் வயிற்றையே கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அடுத்தவன் வயிறு எங்கே கேட்கப்போகிறது? தினமும் சகனில் பாதிச் சோறு மிச்சமானது மட்டும் கண்ணில் பட்டது. வீட்டுக்குப் போய், சமையலில் கைப்பக்குவம் போய்விட்டதா என்று சாயிராவிடம் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கைச் சோற்றைத் தின்று உடம்பை வளர்த்துவிட்டு இன்றைக்கு வந்து கேட்கிற கேள்வியா இது என்று அவள் இரண்டு நாள் பேசவில்லை.

விஷயத்தை உடைத்தவர் பூலோகம். சந்து முனையில் வடாபாவ் கடை போட்டிருக்கிற திருநெல்வேலிக்காரர். கடையைக் கடந்து போன உதுமானைக் கூப்பிட்டு, தன் வியாபாரம் பெருகியதற்கு நன்றி சொல்வதுபோலச் சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்க ஆளுக நாலு பேரும் தெனம் ரெண்டரை மணிக்கு இங்கதான் நிக்காவ. ஆளுக்கு ரெண்டு வடாபாவ். பட்டறையில சோத்தை நிறுத்திட்டியளோ?"

உதுமானுக்கு முகத்தில் அறைந்தது போலாயிற்று. நாற்பது வருஷம் வாப்பா காப்பாற்றிய மரியாதையை அவர் ஐந்து வாயில் கெடுத்துவிட்டார். அவரிடம் சோறு தின்கிறவர்கள் பசியோடு எழுந்திருக்கிறார்கள், அதுவும் இத்தனை நாளாக. வெட்கத்தில் அன்று சாயங்காலம் அவர் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

மறுநாளிலிருந்து வாப்பா செய்ததையே செய்துபார்த்தார். ஐந்து வாய் முடிந்ததும் கையைச் சகனிலேயே வைத்துக்கொண்டு, சோற்றைப் பிசைந்து, சின்னச் சின்னதாகக் குவித்து, பேச்சை வளர்த்தார். ஆனால் வாப்பாவுக்கு வந்த நடிப்பு மகனுக்கு வரவில்லை. நாலு பேர் கண்ணும் அவர் விரலிலேயே இருந்தது. முதலாளி தங்களுக்காகச் சும்மா கை வைத்திருக்கிறார் என்று தெரிந்து, அவர்கள் அவசர அவசரமாக விழுங்கினார்கள். நசீர் மூன்று நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்தார். அதோடு, பிசைகிற கை சும்மா இருக்குமா? முப்பது வருஷப் பழக்கம். ஒருநாள் பேச்சுவாக்கில் இரண்டு வாய் கூடுதலாகப் போய்விட்டது. சோறு நெஞ்சில் அடைத்து, கண்ணில் நீர் கட்டி, எழுந்திருப்பதற்குள் சகன் விளிம்பிலேயே வாந்தி எடுத்துவிட்டார். நசீர் தண்ணீர் கொண்டுவந்தார். காலித் முதுகைத் தடவினான். பீகார்த் தம்பி பேப்பரைச் சுருட்டி எடுத்துப் போனான். யாரும் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால்கூட உதுமானுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் மத்தியானம், மாலாவில் உட்கார்ந்து போன் பேசவேண்டிய வேலை இருக்கிறது, நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு ஏணி ஏறினார். அதற்கும் மறுநாள் அதையே சொன்னார். மூன்றாம் நாள் சொல்லவில்லை, ஏறிவிட்டார். காரணம் என்ன என்று அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அந்த மாலாவுக்கு அவர் அதற்குமுன் ஏறியதே இல்லை என்பதைச் சொல்லவேண்டும். வாப்பா இறந்து பட்டறை கைக்கு வந்த பதினெட்டு வருஷத்தில் ஏணியின் மூன்றாவது படிக்கு மேல் அவர் கால் பட்டதில்லை. இப்போது குரங்குமாதிரி ஏறுகிறார். டாக்டர் கேட்டால் சந்தோஷப்படுவார். ஏறிப்போய், தோல் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, சாயிரா தனியாகக் கட்டிக்கொடுத்த சின்னக் கிண்ணத்தைத் திறப்பார். முட்டை, கொஞ்சம் கோழி, இரண்டு கரண்டி சோறு. போனில் அரை மணிக்கு அலாரம் வைப்பார், அவசரப்படக்கூடாது என்பதற்காக. அலாரம் அடிக்கும்வரை மெல்வார். கச்சாத் தோலின் வாடையும் பசையின் நெடியும்தான் அவருக்குச் சாப்பாட்டுத் துணை.

முதல் வாரத்திலேயே கீழே சிரிப்புச் சத்தம் திரும்பிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு சகனைச் சுற்றிக் கேட்காத சத்தம். நசீர் ஏதோ சொல்வார், பீகார் அண்ணன் பாதி புரிந்து பாதி புரியாமல் சிரிப்பான், காலித் அதை இந்தியில் விளக்க, தம்பி இரண்டாவது தடவை சிரிப்பான். பிறகு தாம்பாளத்தை விரல்கள் வழிக்கிற சத்தம் கேட்கும். வயிறு நிறையச் சாப்பிடுகிறார்கள். பூலோகம் கடைப்பக்கம் போவதில்லை. நல்லது என்று உதுமான் நினைத்தார், உண்மையாகவே நினைத்தார். ஆனாலும் ஒரு நாளாவது யாராவது ஏணியடியில் நின்று கூப்பிடுவார்கள் என்று ஒரு வாய்க்கும் மறு வாய்க்கும் நடுவே காது கொடுத்துக்கொண்டிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. அவர் இறங்கி வரும்போது சகன் கழுவிச் சுவரில் சாய்த்திருக்கும், பேப்பர் போயிருக்கும், எல்லாரும் வேலையில் இருப்பார்கள். வட்டம் மூடிக்கொண்டது என்று அவர் முடிவுபண்ணிக்கொண்டார். ஐந்து பேர் வட்டம் நாலு பேர் வட்டமாவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டிலும் அதே கதைதான், வேறு மாதிரி. சாயிரா முன்பு பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுவாள். இப்போது அவர் முன்னால் நெய்ச்சோறும் வறுவலும் தின்றால் பாவம் என்று, அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு முன்கூட்டியே சாப்பிட்டுவிடுகிறாள். பரீஹாவும் அப்படியே. அன்பில்தான் செய்கிறார்கள். அந்த அன்பில் உதுமான் மேஜைமுன் ஒற்றை ஆளாய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். இப்படி ஒன்பது மாதம் போயிற்று. ஐந்து வாய் பத்துப் பன்னிரண்டு வாயாகி இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செம்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆபரேஷன் ஆனவர்களும் இனி செய்துகொள்ளப் போகிறவர்களும் சேர்ந்து பேசுகிற கூட்டம். திரையில் உதுமானின் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். கூடுதலாக இருந்த எடையில் நூற்றுக்கு எழுபத்துமூன்று பங்கு போயிருக்கிறது, அருமையான ரிசல்ட் என்று டாக்டர் சொன்னதும் எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு நிரப்பித்தர ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். நடப்பது, தூங்குவது, வேலை, தொழுகை, எல்லாவற்றிலும் 'முன்பைவிட நன்று' என்பதில் உதுமான் டிக் போட்டார். கடைசிக் கேள்வி, மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவது எப்படி இருக்கிறது என்று. அதிலும் 'நன்று' என்றே போட்டுவிட்டார். மேலே அத்தனை நன்று போட்டுவிட்டுக் கடைசியில் ஒரு மோசம் போட அவருக்கு நன்றிகெட்டதனமாகத் தோன்றியது.

டீ நேரத்தில் ஒரு பெண் அவரைத் தேடி வந்தாள். வந்தனா என்று பெயர், மாட்டுங்காவில் வீடு, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை, நாற்பது வயது இருக்கும். நாற்காலியின் கைகளுக்குள் நுழையமுடியாமல் நுனியில் உட்கார்ந்தாள். அந்த நுனி உட்காரலை உதுமான் முப்பது வருஷம் உட்கார்ந்திருக்கிறார். எடை, வலி, செலவு எதையும் அவள் கேட்கவில்லை. ஆபீஸில் தான் டப்பாவைத் திறந்தால் எல்லாரும் ஓரக்கண்ணால் பார்ப்பதால் அங்கே சாப்பிடுவதையே விட்டுவிட்டதாகச் சொன்னாள். வீட்டில் எட்டு மணிக்கு ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற அரைமணி நேரம்தான், ஒரு நாளில் தன்னோடு மனுஷர்கள் பேசுகிற நேரம் என்றும் சொன்னாள்.

"நிஜத்தைச் சொல்லுங்கோ. ஆபரேஷன் ஆனப்பறம் நீங்க யாரோட சாப்பிடறேள்?"

பதினாலு மாதத்தில் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. எதிரே அவள் மூச்சு வாங்கிக்கொண்டு காத்திருந்தாள்.

"ஒண்ணும் மாறலம்மா" என்றார். "பட்டறையில நாங்க அஞ்சு பேரும் ஒரே தட்டுலதான். இன்னைக்கும்."

அவள் முகம் தெளிந்தது. அப்படியென்றால் தைரியமாகச் செய்துகொள்கிறேன் என்றாள். பிறகு, எழுந்து போகிறவள் திரும்பிவந்து, அந்தத் தட்டை ஒரு போட்டோ எடுத்து அனுப்பமுடியுமா, அம்மா பயந்துகொண்டே இருக்கிறாள், காட்டவேண்டும் என்று நம்பர் கொடுத்தாள். நாங்கள் மாமிசம் சாப்பிடுகிறவர்கள் என்று உதுமான் தயங்கினார். பரவாயில்லை, அம்மா கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள் என்று அவள் சிரித்தாள். உதுமானும் சிரித்துவைத்தார்.

சுனாபட்டியில் ரயிலை விட்டு இறங்கி, வீடுவரை நடந்தே போனார். முட்டி வலிக்கவில்லை, மூச்சு இரைக்கவில்லை. வழிநெடுகத் தன்னைத்தானே திட்டிக்கொண்டார். ஒரு பெண்பிள்ளை வயிற்றை அறுத்துக்கொள்ள முடிவெடுக்கிறாள், அதற்கு நீ ஒரு பொய்யைக் கொடுத்திருக்கிறாயே என்று. உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் செய்துகொள்ளாமல் போய்விடுவாளோ, அவள் வீட்டிலும் ராத்திரி யாராவது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறார்களோ என்னவோ. இரண்டு பக்கமும் பயமாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் வழக்கம்போல மாலாவில் கிண்ணத்தைத் திறந்தார், மூடினார். கீழே சிரிப்பு கேட்டது. இன்னும் பத்து நிமிஷத்தில் சகன் காலியாகிவிடும். ஏணியிலிருந்தபடியே ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டால் பொய் பாதியாவது உண்மையாகும் என்று, போனைக் கையில் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நாலு படி இறங்கினார். குனிந்து, போனை நீட்டி, திரையில் பார்த்தார்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஆனால் வட்டம் மூடவில்லை. சுவர் ஓரம், நசீருக்கும் காலித்துக்கும் நடுவே, ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது. சகனின் மற்ற பக்கமெல்லாம் தட்டின் வெள்ளை தெரிய வழித்திருந்தது. அந்தக் காலி இடத்துக்கு நேரே மட்டும் சோறு மலையாக, ஓரம் கலையாமல் நின்றது. மேலே ஒரு பெரிய கறித்துண்டு.

போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உதுமான் முழுக்க இறங்கினார். நசீர் சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் விட்டார்.

"நசீர் அண்ணே, இது என்ன சோறு?"

"எது?"

"இது."

நசீர் நிமிர்ந்து பார்த்தார். கேட்பதில் என்ன சூது என்று பார்ப்பதுபோல இருந்தது.

"அது ஒங்க பக்கம்லா" என்றார்.

தினமுமா என்று கேட்டார் உதுமான். தினமும்தான். அவரவர் பக்கத்தைத்தானே அவரவர் தின்னமுடியும்? முதலாளி பக்கத்தில் யார் கை வைப்பது? அவர் இறங்கமாட்டார் என்று உறுதியானதும் காலித் அதை டப்பாவில் வழித்துவைத்துக்கொள்வான், அவன் ராத்திரிச் சாப்பாடு ஒன்பது மாதமாக அதுதான். இதில் என்ன அதிசயம் என்பதுபோல நசீர் சொல்லிக்கொண்டு போனார்.

"அப்ப ஏன் ஒரு நாளாச்சும் என்னைக் கூப்பிடலை?"

நசீர் பிசைந்த கையைச் சகன் விளிம்பில் வைத்துக்கொண்டு, வெட்டுக்கத்தியைத் தோலில் வைக்குமுன் பார்க்கிற பார்வை ஒன்று பார்த்தார்.

"மேல ஏறிப் போனது நீங்க. ஏன்னு சொன்னீயளா? பெரிய ஆசுபத்திரிக்குப் போயிட்டு வந்தபெறகு, எங்க கையோட கை வைக்க ஒங்களுக்கு ஒப்பலையோன்னு நெனச்சோம். அதை வாய்விட்டுக் கேக்க முடியுமா உதுமான் தம்பி?"

பட்டறையில் மற்றவர்கள் முன்னால் நசீர் அவரைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. உதுமான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது மாதம் அவர் மேலே உட்கார்ந்து, என்னை வேண்டாம் என்கிறார்கள் என்று மென்றிருக்கிறார். ஒன்பது மாதம் அவர்கள் கீழே உட்கார்ந்து, எங்களை வேண்டாம் என்கிறார் என்று மென்றிருக்கிறார்கள். நடுவே இருந்தது பதினோரு படி ஏணி.

"நான் கையை எடுத்தா நீங்களும் எடுத்துருதீய" என்றார். "பசியோட பூலோகம் கடையில போய் நின்னீயளாம். நான் எப்படிக் கூட உக்காருவேன்?"

பீகார்த் தம்பி என்ன விஷயம் என்று கேட்க, காலித் இந்தியில் சொன்னான். பீகார்த் தம்பி உதுமானைப் பார்த்தான், சோற்றைப் பார்த்தான், பிறகு வெகு சாதாரணமாக, முதலில் உட்கார்ந்தால்தானே முதலில் எழவேண்டிவரும், சேட் இப்படி முடிகிற நேரத்துக்கு வந்து உட்கார்ந்தால் போகிறது என்றான். சோறு போடுகிறவன் கடைசியில் வந்து உட்காருவதா, இது எந்த ஊர் மரியாதை என்று நசீர் முறைத்தார். முறைத்துவிட்டு அவரே பேப்பரின் ஓரத்தை இழுத்து நேராக்கினார்.

உதுமான் கை கழுவிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும்தான் தெரிந்தது, அந்த இடம் எவ்வளவு அகலம் என்று. இடப்பக்கம் ஒரு முழம் காலி, வலப்பக்கம் ஒரு முழம் காலி. முன்னால் இருந்த சோறு அவருடைய இப்போதைய வயிற்றுக்கு நாலு நாளைக்கு ஆகும். அவர்கள் இத்தனை நாளும் இடம் பிடித்து வைத்திருந்தது நூற்று நாற்பத்தெட்டுக் கிலோ உதுமானுக்கு. அந்த மனிதன் இனி வரமாட்டான். அவனுக்காக ஒரு கணம் அவர் நெஞ்சு அடைத்தது, சோறு இல்லாமலே அடைத்தது.

"கொஞ்சம் நெருங்கி உக்காருங்க" என்றார்.

நசீர் நகர்ந்தார். இன்னும் என்றார் உதுமான். காலித்தும் நகர்ந்தான். இரண்டு பேர் முட்டியும் அவர் முட்டியில் வந்து இடித்தன. உதுமான் பிஸ்மில்லா சொல்லி, ஆறிப்போயிருந்த சோற்றில் ஒரு வாய் எடுத்தார். முப்பது முறை மென்றார். இரண்டாவது வாய். மூன்றாவது. கறித்துண்டைப் பிய்த்து நாலு பேர் பக்கமும் தள்ளினார், தனக்கு ஒரு நுனி வைத்துக்கொண்டார். நசீர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார். செம்பூரில் பார்த்த பெண்ணுக்கு அனுப்பவேண்டிய போட்டோ உதுமானுக்கு நினைவு வந்தது, ஆனால் போன் எடுக்க வலது கை யாருக்கும் சும்மா இல்லை. நாளைக்கு எடுக்கலாம் என்று விட்டுவிட்டார்.

அவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடித்து வெகு நேரம் ஆகியிருந்தது. விரல்களில் சோறு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. மெஷினில் பாதி தைத்த பை ஒன்று காத்துக் கிடந்தது. ஒருவரும் எழவில்லை, நாலு கையும் சகனிலேயே இருந்தது. உதுமான் அவசரப்படவில்லை. பதினோராவது வாயை மென்று விழுங்கினார், நாலு பேர் முகத்தையும் ஒருமுறை பார்த்தார், பிறகுதான் கையை எடுத்தார். மற்றவர்களும் எடுத்தார்கள்.